பழசு தொடாத வீட்டில் ஷோபா

ஷோபாவின் ராத்திரிச் சமையல் ரயிலிலேயே ஆரம்பித்துவிடும். ஒயிட்ஃபீல்டில் ஏறி, லேடீஸ் பெட்டியில் முண்டியடித்து இடம் பிடித்து, மடியில் ஒரு துண்டை விரிப்பாள். மாலூர் வருவதற்குள் பீன்ஸுக்கு நார் உரித்தாக வேண்டும். டேக்கல் தாண்டுவதற்குள் வெங்காயம். பங்காரப்பேட்டையில் ரயில் நிற்கிற நேரத்தில் பூண்டு. கே.ஜி.எஃப். போகிற பொம்பளைகள் பாதிப் பேர் அப்படித்தான். வெங்காயம் நறுக்குகிறவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் சட்டம். மற்றவர்கள் அழக்கூடாதில்லையா.

வீட்டுக்குப் போய் நறுக்கினால் என்ன கேடு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள், உங்கள் வீட்டில் சௌந்தரராஜன் இல்லை.

சௌந்தரராஜன் அவள் வீட்டுக்காரர். மண் அள்ளும் ராட்சச வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். மலையைப் புரட்டுகிற எந்திரத்துக்கு போல்ட் முடுக்கத் தெரியும், கேஸ் அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது. ஐந்து மணிக்கே ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து கைலி மாற்றி, டி.வி. முன்னால் உட்கார்ந்தால், எட்டே காலுக்கு ஷோபா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும் வரை அசையமாட்டார். கேட்டதும் ஒரே கேள்வி: "இன்னிக்கு என்ன டிபன்?"

இதில் ஒரு கொள்கை வேறு. ஐயா பழசு தொடமாட்டார். "எங்க அப்பா சேலத்துலேர்ந்து வேலைக்கு வந்தவரு. எங்க வீட்டுல காலைல செஞ்சது ராத்திரிக்குக் கிடையாது. உங்க மைன்ஸ் லைன் வீட்டுப் பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டாராதே" என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்.

மைன்ஸ் லைன் வீட்டுப் பழக்கம் என்னவென்றால், ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் ஷோபாவின் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் மூன்று ஷிப்ட்டில் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்கள். எந்நேரமும் ஒருத்தர் சாப்பிட வருவார். முதல் ஷிப்ட்டுக்கு வைத்த சாம்பார் இரண்டாம் ஷிப்ட்டுக்குப் புளியும் பூண்டும் ஏறிக் காரக்குழம்பாகும், ராத்திரி ஷிப்ட்டுக்கு முட்டை உடைத்து ஊற்றிக் கெட்டிக் குழம்பாகும். ஒருத்தரும் சாகவில்லை. வந்தவர்கள் தட்டை வழித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தக் கையை ஷோபா புருஷன் வீட்டுக்கு வந்தும் விடவில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டாள். காலை இட்லி ராத்திரியில் கடுகும் பச்சைமிளகாயும் போட்ட உப்புமா. மத்தியானச் சோறும் மிச்சப் பொரியலும் அரிசி மாவில் பிசைந்து தட்டினால் அக்கி ரொட்டி. முந்தாநாள் சப்பாத்தியைப் பிய்த்து, தக்காளியும் முட்டையும் போட்டுக் கொத்தினால், "ஹோட்டல்ல கூட இப்படி வராது ஷோபா! புதுசுன்னா புதுசுதான்!" என்று விரலைச் சப்புவார். பதினைந்து நிமிஷத்தில் தட்டு வந்துவிடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

போன மாதம் அவளுக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. கார்மெண்ட்ஸில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே காலர் காலராகப் பார்த்துத் தள்ளியவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு மேஜையும். ஆனால் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை, அடுத்த ரயில்தான் பிடிக்க முடியும், வீடு வர ஒன்பதே கால் ஆகும். ஒரு வாரம் புது நேரத்தில் வந்து பழகிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும், கனவில் கூட உட்கார்ந்து பார்த்தாள்.

சௌந்தரராஜன் யோசித்தார். யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னார்.

"சரி, இந்த ஒரு வாரம் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு வந்தாலும் தட்டுல சூடா, புதுசா விழணும். ஒரு நாள் லேட்டாச்சு, இல்ல பழசு விழுந்துச்சு, அந்த சூப்பர்வைசரை மறந்துடு. இருக்கற வேலையையும் விட்டுடு."

"சரிங்க" என்றாள். வேறென்ன சொல்வாள்? பந்தயம் போட்டவரே நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறார்.

திங்கட்கிழமை எலுமிச்சை சாதத்துக்கென்று எடுத்து வைத்த சோறு, வந்து பார்த்தால் பாதிதான் இருந்தது. அளவு தப்பிவிட்டோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு ரவையை வறுத்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டு பிடி கூடுதலாக வைத்தாள். அப்பவும் குறைந்தது. புதன்கிழமை குழம்பில் கத்திரிக்காயைக் காணோம், வெறும் சாறு நிற்கிறது. பூனையா? பூனை ஃபிரிட்ஜைத் திறந்து, கத்திரிக்காயாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, மூடியை மூடி வைக்குமா? "வயசாவுதுடி, கணக்கே நிக்கலை" என்று ரயிலில் கூட வருகிற வெண்ணிலாவிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை உரிகம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவுக்கு ஓடிய ஓட்டத்தில் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே தோசை சுட்டாள். சௌந்தரராஜன் மூன்று தோசையோடு கையைக் கழுவி, "பசியே இல்லை, நேரங்கெட்ட நேரம்" என்று வேறு சொன்னார்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, இரண்டரை மணிக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். ஷோபா ஆறு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தாள். கால் வலியில் மெதுவாகத்தான் நடந்தாள், செருப்பையும் கழற்றவில்லை, அதனால் ஒரு சத்தமும் இல்லை. டி.வி. தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. முன்னால் ஆள் இல்லை.

ஆள் சமையலறையில் இருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து போட்டு, கதவில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் டப்பாவிலிருந்து நேற்றைய கருவாட்டுக் குழம்புச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சில்லென்று. சூடு கூடப் பண்ணாமல். கண்ணை மூடி, தலையை ஆட்டி, முள்ளைச் சப்பி, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பழசு தொடாத மகராசன்.

"இன்னாங்க இது?"

சௌந்தரராஜன் திரும்பினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. விழுங்க நேரம் பிடித்தது.

"கெட்டுப் போச்சான்னு பார்த்தேன்."

"கெட்டுப் போச்சா?"

"இல்லை."

"அதுக்கு டப்பா பூராவும் காலி பண்ணிப் பார்க்கணுமா? எத்தினி நாளா இப்படிப் பார்த்துக்கினு கீறீங்க?"

"எப்பவாவது..."

"எத்தினி நாளா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடிபட்டவருக்கு வருகிற கோபம். "ஆறு மணிக்கு மனுஷனுக்குப் பசிக்காதா? தினமும் எட்டு மணி வரைக்கும் வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா? ஏதோ ரெண்டு வாய்!"

"தினமுமா?"

அவர் டப்பாவின் மூடியைத் தேடினார்.

"அப்போ ராத்திரி நான் சுடச்சுடப் போடறேனே, அது யாருக்கு?"

"அது டிபன்டி" என்றார், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல. "இது சும்மா."

ஷோபாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருஷம்! மழையில், ஜுரத்தில், மாதவிலக்கு வலியில், ஆறு மாதக் கர்ப்பத்தில் அந்த ஸ்டேஷன் படிகளில் ஓடியிருக்கிறாள், ஒரு மனுஷன் பசியோடு உட்கார்ந்திருப்பான் என்று. வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தவனுக்காக ஓடியிருக்கிறாள். அந்தக் கர்ப்பம் தங்கவில்லை. ஓடினதாலா என்று டாக்டர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இப்போது அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி.யை அணைத்தாள். போனை எடுத்து கம்பெனி மேடத்தின் நம்பருக்குப் பேசினாள்.

"மேடம், ஷோபா பேசறேன். அந்த சூப்பர்வைசர் வேலைக்கு நான் வரேன் மேடம். ஆமா, திங்கக்கிழமையிலேர்ந்து. வீட்லயா? வீட்ல ஒரு பிரச்சினையும் இல்லை."

சௌந்தரராஜன் ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி வாசற்படியில் நின்றிருந்தார். சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார் போல. அவள் செருப்பைக் கழற்றி வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தார், பத்து நிமிஷம் பார்த்தார். அவள் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை.

"ராத்திரிக்கு டிபன் என்ன?" என்று கடைசியில் கேட்டே விட்டார்.

"அதான் துன்னுட்டீங்களே" என்றாள் ஷோபா.