எங்கள் வீட்டு விரிசல்களும் மெனெலாவோஸின் நிலவறையும்

என் அப்பா அரிஸ்தீதிஸ் பாத்ராஸ்–ஏதென்ஸ் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பேருந்தில் ஏறியதும் தூங்குகிறவர்களைத்தான் முதலில் எழுப்புவார். "நெஜமா தூங்குறவன் வாயைத் திறந்திருப்பான். வாயை மூடிட்டுத் தூங்குறவன்கிட்ட டிக்கெட் இருக்காது" என்பார். வீட்டிலும் அப்படித்தான். மீன்காரரின் தராசு, டாக்டரின் மாத்திரை, கோயிலில் மெழுகுவத்திக்குப் போடும் உண்டியல், எல்லாவற்றின் மேலும் சந்தேகம். டிக்கெட்டில் நட்சத்திர ஓட்டை போடும் இடுக்கியை ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் இறந்தார். இதயம்.

நாற்பதாம் நாள் பூசைக்காக தெசலோனிக்கியிலிருந்து வந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா கேட்டாள்.

"ஆர்கிரோ, ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரட்டுமான்னு மெனெலாவோஸ் கேக்குறான். வரச் சொல்லவா, வேணாமா? நீ பாத்துச் சொல்லு."

"நான் என்னத்தப் பாக்கணும்?"

"சுவத்த."

மெனெலாவோஸ் பக்கத்து வீடு. அப்பா அம்மா கல்யாணத்தில் இருவர் தலையிலும் பூமுடி மாற்றி வைத்தவர். அண்ணன் தம்பியைவிட நெருக்கமான உறவு அது. ஆறு வருடங்களுக்கு முன் எண்ணெயும் ஒயினும் வைக்க அவர் தன் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை தோண்டினார். அடுத்த கோடையில் எங்கள் வீட்டில் விரிசல்கள் தெரிந்தன. நிலவறைதான் காரணம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை, காப்பியில்லை.

"ஆஸ்பத்திரியில உங்கப்பா கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? அவனை நம்பாதேன்னாரு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவனைப் பத்திதான்." பூசைக்கு வருகிறவர்களுக்கு வேகவைத்துக் கொடுக்கும் கோதுமையைப் புடைத்துக்கொண்டே அம்மா பேசினாள். "அவன் நம்ம வீட்ட ஒடச்சது நெஜம்னா அவன் கையில பூசைக் கோதுமை குடுக்க மாட்டேன். இல்லேன்னா நானே போய்க் கூப்பிடுவேன். நீதான இன்ஜினியர்."

கட்டுமானப் பொறியாளர். பாலங்கள். அப்பா இந்தச் சுவரை என்னைத் தொடவிட்டதில்லை. "சின்ன வயசுல அவன் வாங்கிக் குடுத்த முட்டாயெல்லாம் தின்னவ நீ. உன் தீர்ப்பு செல்லாது" என்பார்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தேன். கையில் டார்ச், சின்னச் சுத்தியல், விரிசல் அகலம் பார்க்கும் அட்டை, நீர்மட்டம் பார்க்கும் குழாய்.

கூடத்துச் சுவரில் வலைபோல் மெல்லிய கோடுகள். பூச்சு காய்ந்தபோது வந்தவை. அட்டையின் மிக மெல்லிய கோட்டைவிட மெல்லியவை. ஒன்றும் செய்ய வேண்டாம். முற்றத்துத் தளத்தில் ஒரு நீண்ட பிளவு, ஒரு பக்கம் எழும்பியிருந்தது. பக்கத்திலேயே அத்திமரம். வேர். தடுக்கி விழாமலிருக்கத் தளத்தை மாற்ற வேண்டும். வீட்டுக்கு ஆபத்தில்லை.

மெனெலாவோஸ் வீட்டைப் பார்த்த ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு சாய்வான விரிசல். இதைத்தான் நானும் சந்தேகித்தேன். மண் இறங்கினால் இப்படித்தான் விழும். அதன் குறுக்கே அப்பா ஜிப்சம் பட்டைகள் பூசியிருந்தார். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நில நடுக்கத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் பூசினார்கள்.

ஒரு பட்டைகூட உடையவில்லை.

"உடையல பாரும்மா."

"அதத்தான் அவரும் சொல்வாரு. நாம இல்லாதப்ப அவன் ஒடஞ்சதப் பேத்துட்டுப் புதுசு பூசிட்டுப் போறான்னு."

சிரிப்பு வந்தது. பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு சின்ன நட்சத்திரம். ஈர ஜிப்சத்தில் இடுக்கியை வைத்து அழுத்தியிருக்கிறார். கள்ளப் பட்டை யாரும் பூசிவிடக் கூடாது என்று.

எல்லாம் அசல். அப்பாவின் முத்திரையே மெனெலாவோஸுக்குச் சாட்சி. அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

குழாயில் நீர் பிடித்து நான்கு மூலைகளையும் பார்த்தேன். வீடு அந்தப் பக்கம் சாயவில்லை. கதவுகள் ஒழுங்காகச் சாத்தின. அந்தச் சாய்வான விரிசல் ஜன்னல் மூலையில் பூச்சு இழுத்ததுதான், மண் இறங்கியதல்ல.

ஆனால் தூண்கள் வேறு கதை சொல்லின. நான்கு மூலைத் தூண்களிலும் நேர்குத்தாக விரிசல்கள், உள்ளே கம்பி ஓடும் இடத்தை ஒட்டியே, ஓரங்களில் துருக்கறை. மேலே அகலம், கீழே வர வர மெலிவு. சுத்தியலால் தட்டினேன். உள்ளே பிடிப்பு விட்டுப்போன பொள்ளல் சத்தம். மிக மோசமானது நிலவறைப் பக்கத்துத் தூண் அல்ல. எதிர்ப்பக்கம், கடலைப் பார்த்து நிற்பது.

இதற்குப் பழுதுபார்ப்பு வேண்டும். காரணம் கீழே இல்லை. மாடிக்கு ஏறினேன்.

மொட்டைமாடியின் நான்கு மூலைகளிலும் தூண்களின் கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த தளத்துக்கு விட்டவை. என் தளம். ஊரில் பெண் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம், கல்யாணமானதும் அவள் மேலே குடியிருக்க, இப்படித்தான் விடுவார்கள். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கவிழ்த்திருந்தது. வெயிலில் பெரும்பாலான பாட்டில்கள் வெடித்துப்போயிருந்தன. கம்பியின் அடியில் மழைநீர் தேங்கும் குழி. உப்புக்காற்று, மழை, துரு. துரு பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். அந்தப் பிளவு வருடா வருடம் கொஞ்சம் கீழே இறங்கும்.

"வந்துட்டியா?"

அடுத்த மாடியில் மெனெலாவோஸ் துணி உலர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காத்திருந்தார் என்று பட்டது. எனக்கு அவர் மேல் சந்தேகம் இன்னும் போகவில்லை.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. தோண்டும்போது எங்க அஸ்திவாரத்தைத் தொட்டீங்களா?"

"தொட்டா என் கூரைதான் முதல்ல என் தலையில விழும். நான் என்ன கிறுக்கனா?" கயிற்றை விட்டார். "சண்டை நிலவறைக்காகன்னு நெனக்கிறியா? அது அப்புறம் அவன் கண்டுபிடிச்ச காரணம். அதுக்கு முன்னாடியே, இதோ இங்க நின்னு சொன்னேன், கம்பிய வெட்டிட்டு அடைச்சிடுடா, தூணுக்குள்ள தண்ணி எறங்குதுன்னு."

"என்ன சொன்னாரு?"

"எம் பொண்ணு திரும்பி வரக் கூடாதுன்னு உனக்கு ஆசையான்னு கேட்டான்."

கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. நான் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன்.

"பொய் சொல்றேனான்னு பாக்குறியா?" என்றார். "பாரு பாரு. அப்பன் மூஞ்சியே தான்."

கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னேன். நிலவறை காரணமில்லை. கம்பிகள்தான். வீடு விழாது. ஆனால் இப்படியே விட்டால் இன்னும் சில மழைக்காலங்களில் தூண்கள் கெட்டுவிடும். மேலே கம்பிகளை வெட்டி, குழியை அடைத்து, தூண்களில் பொள்ளலானதைப் பெயர்த்து, துருவைச் சுரண்டிப் பூச வேண்டும்.

அம்மா கோதுமைப் பானையை மூடினாள்.

"ஒவ்வொரு அக்டோபரும் பாட்டில் மாத்த ஏறுவாரு. ஏணியப் பிடின்னு கூப்பிடுவாரு. ஏன்னு நான் கேட்டதில்ல" என்றாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிறு பூசையில் மெனெலாவோஸ் கடைசி வரிசையில் நின்றார். அம்மா அவர் உள்ளங்கையில் கோதுமையைக் கொட்டினாள். வீட்டில் காப்பி கொடுத்தபோது சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே சரியாகப் போட்டாள்.

திங்கட்கிழமை அவரே வெட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள நான் வெட்டினேன். அம்மா கீழே நின்று கத்தினாள்.

"வெட்டுனதெல்லாம் கீழ போடு ஆர்கிரோ! எல்லாம் நம்ம இரும்பு. அவன் கண்ணு போற எடத்தப் பாரு!"

"எனக்கெதுக்கு தங்கச்சி உன் துரு? என் எண்ணெயில போட்டுக் குடிக்கவா?"

மூன்று தூண்கள் முடிந்தன. நான்காவது, கடலைப் பார்த்த தூண். அதன் கம்பிகளில் மட்டும் பாட்டில்கள் புதியவை. போன அக்டோபரில் அப்பா அந்த மூலையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் ஏணியேற முடியாமல் போயிருக்கும்.

எந்திரத்தை அணைத்தேன். தகட்டில் இன்னும் பாதி மீதி இருந்தது.

"என்ன ஆச்சு?" அம்மா கீழிருந்து கேட்டாள்.

"வெட்டுற தகடு தேஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்கிக்கலாம்."

அம்மா நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து, மேலே என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு தூங்குகிறவர்களை அப்பா அப்படித்தான் பார்ப்பார்.