ஹாஜரா பீவியைத் தாண்டிப் போகாத எலுமிச்சை

தென்காசி ஹாஜரா பீவிக்குக் கடை கிடையாது, தோட்டமும் கிடையாது. ஆனாலும் சிவகிரி எலுமிச்சையை மஸ்கட்டுக்கு அனுப்புகிறார். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது அவர் தொழில். பெட்டிக்கு இவ்வளவு என்று கமிஷன். கணவர் அப்துல் மஜீது மஸ்கட் காய்கறிச் சந்தையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குப் பழக்கமான ஆட்கள்தாம் இவருக்கு மூலதனம்.

போன வருடம் சின்ன வெங்காயத்தில் அடி வாங்கினார். இவர் அறிமுகப்படுத்திய இருவரும் இரண்டாவது லோடை நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். கேட்டதற்கு, "எழுதியா குடுத்தோம்?" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் இலஞ்சிக்காரன். வயல் வேலை பார்க்கிற எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். ஏற்றுமதி ஆபீஸில் இருந்ததால் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹாஜராக்கா வழியாக அறிமுகமானவர்கள் மூன்று வருடம் அவரைத் தாண்டி வியாபாரம் பேசக்கூடாது. ஒருவருடைய போன் நம்பர், விவரத்தை மற்றவருக்கு அவர்தான் சொல்லவேண்டும். மீறினால் கமிஷனை இரட்டிப்பாகத் தரவேண்டும்.

எலுமிச்சை விற்கிற சிவகிரி கமிஷன் மண்டி மந்திரமூர்த்தி அண்ணாச்சி வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே புவனேஷு, பொண்ணு குடுக்கதுக்குக்கூட இம்புட்டு எழுத மாட்டாவளே!" சிரித்தாலும் கையெழுத்துப் போட்டார். மஸ்கட்டில் எலுமிச்சை வாங்குகிற ஷாஜஹானும் கையெழுத்திட்டு அனுப்பினார், அவர் கொல்லத்துக்காரர்.

மூன்றாவது லோடு போய்ச் சேர்ந்த வாரம். நான் ஹாஜராக்கா வீட்டில் இருந்தேன். அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது, அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாஜராம்மா, மஸ்கட் ஆளு இப்பம் எனக்கே போன் போட்டாரு. கிலோவுக்கு ரெண்டு ரூவா கூட தாரேன், உங்கிட்ட சொல்லாதங்காரு. அவரையும் லைன்ல சேத்து நீயே பேசு."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "உங்க நம்பர் அவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "பெட்டியில ஒட்டியிருந்துது. பேரு, ஊரு, ரெண்டு நம்பர். அது இல்லாம பெட்டி ஏத்துனா திருட்டுக் காய் மாதிரில்லா இருக்கும்? நாப்பது வருசப் பழக்கம், கை தானா ஒட்டிட்டு."

"அப்போ ஒப்பந்தத்த மொத மீறுனது நீங்கதான்."

"ஆமா. அதான் கூப்பிட்டேன். இன்னொண்ணையும் சேத்து மீறச் சொல்லுதியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாஜஹானையும் இணைப்பில் சேர்த்தார். "என்ன ஷாஜி, சுகமா? ரெண்டு ரூவா கூடக் குடுப்பீங்களாமே?"

ஷாஜஹான் அக்காவை 'இத்தா' என்றுதான் கூப்பிடுவார். "ஐயோ, இத்தா... அது சும்மா மார்க்கெட் விலை கேட்டதுதான்."

"அப்படியா? ஒப்பந்தத்துல இருக்க இரட்டைக் கமிஷன நானும் சும்மா கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் இத்தா. திங்கக்கிழமைக்கு முந்நூறு பெட்டி வேணும். நீங்களே பேசி முடிச்சுத் தாங்க."

"சரி, லைன்லயே இருங்க" என்று அவரை ஹோல்டில் போட்டுவிட்டு, ஹாஜராக்கா அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமைக்கு முந்நூறு பெட்டி. உங்க விலையச் சொல்லுங்க. பாத்துச் சொல்லுங்க, ஒரு தப்பு உங்க பேர்ல பாக்கி நிக்குது."