உட்கார்ந்து செய்யும் வேலை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்ட அந்த நிமிஷம் எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் முக்காலியில் மைனி. அவளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நான். டாக்டரம்மா மலையாளத்தில்தான் கேட்டார். மைனிக்கு மலையாளம் என்னைவிட நன்றாகப் பேச வரும். ஆனாலும் அன்று அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மார்பில் புற்றுக்கட்டி எடுத்த அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இடது கையால் கனம் தூக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதை மனதில் வைத்துத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "கடையில இருந்நு செய்யுந்ந ஜோலியாணு மேடம்" என்றேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று அர்த்தம். அது பொய் இல்லை. பூக்கட்டுகிறோம் என்று அந்த ஏ.சி. அறையில் சொல்ல ஒரு கூச்சமும் இருந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்றால் பிரச்சினை இல்லை, களைப்பில்லாத நாட்களில் செய்யலாம், கூட்டத்துக்குள் போக வேண்டாம், காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே வந்துவிட வேண்டும் என்றார். ஒரு தாளும் கொடுத்தார். அது மலையாளத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் மலையாளம் வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது. பஸ்ஸின் பெயர்ப்பலகை வரைக்கும் படிப்போம். மைனி அந்தத் தாளை நாலாக மடித்து பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

மைனி என் சொந்த அண்ணன் மனைவி இல்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கிற பூக்கடையில் எனக்கு முன்பே இருந்த ஒருவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அதனால் அவர் மனைவி மைனி ஆனாள். அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகு அவர் உட்கார்ந்த பலகையில் அவள் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பக்கத்துப் பலகை. பதினாறு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆட்களிடம் பேச வராது. தோவாளையிலிருந்து வருகிற பூ வண்டிக்காரன் அழுகிய செவ்வந்தியைக் கூடையின் அடியில் வைத்துத் தந்தால் நான் பேசாமல் வாங்கி வைப்பேன். மைனிதான் கூடையைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். "இது என்ன, உங்க வீட்டு மாட்டுக்கு வெச்சிருந்ததா?" என்று கேட்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவள்தான் பேசினாள். மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று பெண் வீட்டார் சந்தேகப்பட்டார்கள். "பேசுத மாப்பிளைய கட்டிக்கிட்டு நான் பட்டது போராதா" என்று அவர்களைச் சிரிக்க வைத்து முடித்துவிட்டாள்.

மருந்து ஏற்றுகிற மாதங்களில் வேலைக்கு வருவதா வேண்டாமா என்பது அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சாகிவிட்டது. நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்றாள். "அங்க வந்து என்ன செய்ய? உன் மாமியா மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா?" என்று மைனி போனை வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "வாடகை வீட்டுல ஒத்தைக்குக் கெடந்தா இதப்பத்தியே நெனச்சு நெனச்சு செத்துருவேன் மக்கா. பலகையில வந்து இருந்தா கை பாட்டுக்கு ஓடும். நீ என்ன சொல்லுக?" டாக்டரே சொல்லிவிட்டார்களே என்றேன். டாக்டர் சொன்னது பாதிக் காரணம்தான். மைனி அறுவைக்காகப் படுத்திருந்த அந்த ஒரு மாதத்தில் கடையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வண்டிக்காரனும் முதலாளியும் வாங்க வருகிறவர்களும் நேராக என்னிடம் பேசினார்கள். அவள் சீக்கிரம் வந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

முதலாளிக்கு வேறு கவலை. எங்கள் கடையிலிருந்து ஒரு கோயிலுக்குத் தினமும் மாலை போகிறது. மாலைக்குள் ஒரு முடி இருந்தால் பூசை செய்கிற போற்றி அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குக் கடையே தீட்டுப் பட்டது போல ஆகிவிடும். அதனால்தான் எங்கள் கடையில் பெண்கள் எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்காருவார்கள். மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, தப்பா எடுக்கப்பிடாது, கோயில் மாலைல்லா..." என்று இழுத்தார்.

"முடி இருந்தாத்தானே மொதலாளி கொட்டும்?" என்றாள் மைனி.

மறுநாள் காலையில் தலையை மழித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் மருந்து ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு முடிகூட விழ ஆரம்பித்திருக்கவில்லை. வழக்கமாக முழம் பிச்சி வாங்குகிற ஒரு மலையாளி டீச்சர், "எந்தா சேச்சி, பழனிக்குப் போயோ?" என்று கேட்டார். "திருச்செந்தூர். நேர்ச்ச" என்றாள் மைனி. என்ன வேண்டுதலுக்காக நேர்ச்சை என்று டீச்சர் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இவன் வாயத் தொறக்கணும்னு" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தலையில் வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அவளால் பூ கெட்டுவிடக் கூடாது என்பதில் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு கவனம் இருந்தது. முடி கொட்டாமல், வியர்வை சொட்டாமல், ஓங்கரிக்க வந்தால் எழுந்து ஓடிப்போய்க் கொல்லைப் பக்கம் கக்கிவிட்டு, கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். பூவால் அவளுக்கு ஒரு கெடுதல் வரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூ என்றால் எங்களுக்குச் சுத்தம். கடவுளின் கழுத்தில் கிடக்கிற பொருள். ஆனால் பூக்கட்டுகிற இடம் சுத்தமானது இல்லை. வாழை நார் ஊறுகிற வாளித் தண்ணீரை நாங்கள் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் மாற்றுவோம். நார் பதமாக ஊற வேண்டும் அல்லவா. அந்தத் தண்ணீர் கொழகொழவென்று ஒரு வாடை அடிக்கும். ஈரச் சாக்கில் பூ வரும். உதிர்ந்தது எல்லாம் காலடியில் கிடந்து அழுகும். அரளிப் பால் படும். ரோஜா முள் கீறும். காலை ஆறு மணியிலிருந்து அதற்குள்தான் எங்கள் கைகள். இரண்டாவது மருந்துக்குப் பிறகு மைனியின் நகங்கள் கருத்தன. விரல் நுனி மரத்துப்போனது. முடிச்சு இறுகியதா இல்லையா என்று தெரியவில்லை என்றாள். அவள் கட்டிப் போட்டதை நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்து இறுக்கி வைப்பேன். நார் அறுத்து விரலில் ரத்தம் வந்தால்கூட அவள் கீழே பார்த்த பிறகுதான் அறிவாள். அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பாள்.

மூன்றாவது மருந்தன்று நான் அவளோடு போனேன். பூக்கடைக்காரர்கள் எங்கேயும் வெறும் கையோடு போகமாட்டோம். அன்பாகப் பார்த்துக்கொள்கிற ஒரு நர்ஸுக்குக் கொடுக்கலாம் என்று வாழை இலையில் இரண்டு முழம் பிச்சி சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மைனி உள்ளே கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். அந்த நர்ஸ் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "ஐயோ சேட்டா, பூ அகத்து கொண்டுவரல்லே." பூவை உள்ளே கொண்டுவராதீர்கள் என்றதைக் கோபமாகச் சொல்லவில்லை. மருந்து ஏறுகிறவர்களுக்கு ரத்தத்தில் எதிர்த்து நிற்கிற சக்தி குறைந்துவிடும், பூவிலும் பூ இருக்கிற தண்ணீரிலும் கிருமி இருக்கும், சும்மா ஆட்களுக்கு ஒன்றும் செய்யாது, இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் தாங்காது என்று நின்று விளக்கினார். கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்றும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது எந்த அர்த்தத்தில் ஆட்டியது என்று எனக்கே தெரியவில்லை. இலைப் பொட்டலத்தை வெளியே மதில்மேல் வைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மைனி பூக்கட்டுகிறவள் என்று அந்த நேரத்தில் அவரிடம் நான் ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வைத்து மைனியிடம் சொன்னேன். அவள் பர்ஸைத் திறந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, படிக்கத் தெரிந்தவள் போல மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு பழையபடி மடித்து வைத்தாள்.

"பூவுல கெடுதி உண்டும்னா நாம எல்லாம் எப்பமே போயிருக்கணும்."

"மைனி, சும்மா ஆட்களுக்கு இல்லயாம். மருந்து ஏத்துதவங்களுக்காம்."

"கொஞ்சம் பாத்து இருந்துக்கிடுதேன். நீ இத ஆருகிட்டயும் சொல்லாத. டாக்டரம்மாகிட்ட நானே பேசிக்கிடுவேன்."

அடுத்த முறை டாக்டரம்மா கேட்டார், வேலைக்குப் போகிறீர்களா என்று. "கொறச்சு" என்றாள் மைனி. கொஞ்சம் போகிறேன் என்று. நான் அதே சுவரோடு ஒட்டி நின்றேன். முதல் தடவை நான் சொல்லாமல் விட்டது அறியாமை. இந்தத் தடவை எல்லாம் தெரிந்தே நின்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பூக்கட்டுகிறவன், நான் ஒன்று சொல்லித்தானா டாக்டருக்குத் தெரிய வேண்டும், மைனியே பேசிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாளே என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாளித் தண்ணீரை மட்டும் தினமும் மாற்ற ஆரம்பித்தேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று முதலாளி முணுமுணுத்தார்.

ஓணம் வந்தது. திருவனந்தபுரத்தில் பூவுக்கு அந்தப் பத்து நாள்தான் அறுவடை. வாசலில் போடுகிற அத்தப்பூக்களத்துக்குக் கேந்திப்பூவும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக இறங்கும். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளிலிருந்து பிள்ளைகள் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். மைனி வீட்டில் இருக்கட்டும் என்று முதலாளியே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. திருவோணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் மழை. பத்து மணி வாக்கில் அவள் கையில் நார் நடுங்குவதைப் பார்த்தேன். குளிருது என்றாள். மழைக் குளிர் என்றாள். தொட்டுப் பார்க்க எனக்குக் கை நீளவில்லை. பதினாறு வருஷத்தில் நான் அவளைத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் மைனி என்றேன். "இந்தக் கட்டு முடியட்டும்" என்றாள். பர்ஸிலிருந்து ஒரு காய்ச்சல் மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் இன்னொரு தடவை சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு அவள் பலகையிலிருந்து பக்கவாட்டில் சரிந்தாள். ஆட்டோவில் என் மடியில் கிடந்தது அவள் தலை. மழித்த தலை, அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது.

ஐந்து நாள் இருந்தாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். வார்டில் இருந்த இளம் டாக்டரிடம் நான் பூக்கட்டுகிற வேலையையும், நார் வாளியையும், விரலில் பட்ட வெட்டுகளையும் எல்லாம் சொன்னேன். ஒரு மூச்சில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, வீட்டில் இருந்தாலும் சிலருக்கு வரும் என்றார். தோளில் கை வைத்தார். அது ஆறுதலா உண்மையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று நாகர்கோவிலில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மகளிடம் சொன்னேன். நர்ஸ் சொன்னதையும், தெரிந்தும் டாக்டரம்மா முன்னால் நான் பேசாமல் நின்றதையும். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் சித்தப்பா. அம்மா போன்ல சொன்னா" என்றாள். "ஒவ்வொரு தடவ டாக்டரப் பாக்கப் போவும்போதும் அம்மைக்கு உங்க மேலதான் பயம். அவன் இன்னைக்கு வாயத் தொறந்துருவானோ, தொறந்தா எனக்க வேல போச்சேன்னு சொல்லுவா. வந்ததும் கூப்பிடுவா. இன்னைக்கும் சொல்லல்லன்னு."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கழுவி வைத்த பாத்திரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரம்மா கேட்டுவிடுவார் என்று மைனி நம்பியிருக்கிறாள்.