உயிரோடு இருப்பவர்களின் படங்கள்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்திருந்த சமயம். கானா நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று என்ஜின் பழுதாகி, உதிரிப் பாகம் வரும்வரை அங்கேயே நின்றது. கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்த மாமா, அந்தக் கப்பலின் எஞ்சினியரையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். எஞ்சினியர் மீன் குழம்பைப் பாராட்டிக்கொண்டே இருந்தார். மனைவியோ பையிலிருந்து வண்ணக் குச்சிகளை எடுத்து, அந்த நேரம் பார்த்து மீன் பாக்கி வாங்க வந்த மீன்கார அக்காவை வாசலிலேயே உட்கார வைத்து வரைந்துவிட்டார். அவர் ஓவியர் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். அவருக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் ஓவியரை மீன் சந்தைக்கும் உப்பளத்துக்கும் கூட்டிப் போனார். அங்கே வேலை செய்த பெண்களை அவர் வரைய வரைய, தாள்கள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளி மண்டபத்தில் கண்காட்சி என்று அத்தை ஏற்பாடு செய்தார். தலைமை ஆசிரியைக்கு அரை மனது. மீன்காரிகளின் படத்தைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார். அவர்களே வருவார்கள் என்றார் அத்தை.

வந்தார்கள். மீன்கார அக்காதான் முதலில் வந்தார், புதுச் சேலையில், பின்னால் ஒரு கூட்டத்தோடு. உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் அவருடைய படம் இருந்தது. படத்துக்குக் கேந்திப் பூமாலை போட்டிருந்தது. அவருடையதற்கு மட்டுமல்ல, எல்லாப் படங்களுக்கும்.

அது ஓவியரின் வேலை. எங்கள் வீட்டில் தாத்தா படத்துக்கு மாலை இருந்தது. கடைகளில் மாட்டியிருந்த படங்களுக்கும் இருந்தது. இந்த ஊரில் ஒரு படத்தைக் கௌரவிப்பது இப்படித்தான் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே பூக்கடைக்குப் போய்க் கூடை நிறைய வாங்கி, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே மாட்டியிருந்தார்.

“ஏளா, உன் அடக்கத்துக்கு எங்களுக்கெல்லாம் சொல்லவேயில்லையேளா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது. இன்னொருத்தி மூக்கைச் சிந்தி ஒப்பாரிக்கு ராகம் இழுத்தாள்.

மீன்கார அக்கா சிரிக்கவில்லை. “எங்க வீட்டு ஆளு தொழிலுக்குப் போயி கடல்ல கெடக்காரு. இங்கன எனக்கு மாலை போட்டு வச்சிருக்கியளே டீச்சர்! எடுத்துக் கிழிங்க. இப்பவே கிழிங்க.”

சிரிப்பு நின்றது. மற்ற பெண்களும் தங்கள் படங்களைப் பார்த்தார்கள். சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். ஓவியரின் கை வாய்க்குப் போனது. அவர் மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் தொங்கவிட்டுக்கொண்டார். பிறகு அக்காவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அவரிடமே நீட்டினார். வேண்டுமானால் கிழித்துக்கொள்ளலாம்.

அக்கா தாளை இரண்டு கையாலும் பிடித்தார். விரல்கள் கிழிக்கத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் இப்போது முகம் பக்கத்தில் வந்துவிட்டது. கன்னத்தில் கருநீலம், நெற்றியில் செம்பழுப்பு, கழுத்தில் கத்தரிப்பூ நிறம். வெள்ளை என்பது கண்ணிலும் பல்லிலும் மட்டும்.

“ஸ்டுடியோவுல எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆக்கித் தருவான்,” என்றார் மெதுவாக. “இவ என்னய நானாவே வச்சிருக்காளே.”

“கறுப்பாத்தானளா இருக்கே?” என்றாள் ஒப்பாரிக்காரி.

“ஆமா. எப்படி மின்னுதேன் பாரு.”

பிறகு ஓவியரின் கையிலிருந்து ஒரு மாலையை உருவி, அவர் கழுத்தில் போட்டார். “படத்துக்குப் போடக்கூடாது. வரைஞ்சவளுக்குப் போடணும். சொல்லுங்க டீச்சர் அவகிட்ட.” அத்தை மொழிபெயர்ப்பதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொரு மாலையோடு நெருங்கிவிட்டார்கள். உயரமான அந்தப் பெண் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். கடைசியில் பூக்களுக்கு மேல் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. அக்கா தன் படத்தைத் தானே ஆணியில் மாட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஓவியர் என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்காரச் சொன்னார். மிச்சம் ஒரு தாள் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ஆசிரியைகள் அறைக்கு ஓடினேன். அங்கே பவுடர் டப்பா இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என்னைத்தான் எல்லோரும் கறுப்பி என்பார்கள். படம் என்றால் அம்மா மூன்று முறை பூசிவிடுவாள். நானும் அப்படியே பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஓவியர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து என்னிடம் நீட்டினார். மரியாதையாக வாங்கி, விரலில் இருந்த மைக்கறையை நன்றாகத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வண்ணக் குச்சியை எடுத்தார். அன்று அவர் வரைந்தது மடியில் கிடந்த என் இரண்டு கைகளை மட்டும்தான். கருநீலமும் செம்பழுப்புமாக, விரல் விரலாக. முகம் எங்கே என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டு வீடு வரைக்கும் அழுதேன். அவ்வளவு பவுடரும் வீணாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.