எதிர் ஸ்டூலில் ஒரு முட்டைக் காபி

அண்ணனுக்கு வைத்த சோற்றைக் காக்கா எடுக்கவில்லை. விளாங்குடியில் காக்காவுக்கா பஞ்சம்? பக்கத்து மாடியில் வடகம் காயவைத்தால் படையாக வந்து இறங்கும். மாதாமாதம் மதினி அண்ணனுக்குப் படைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சோறு வைக்கும்போது மட்டும், கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்குமே தவிர, ஒன்றுகூட இறங்காது.

"அவருக்கு என்னமோ ஆசை பாக்கி இருக்கு. அது தீராம நான் கடையத் தொறக்க மாட்டேன்" என்று மதினி சொல்லிவிட்டாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அண்ணன் நடத்திய டீக்கடை அது. மார்வலி வந்து அவன் சாய்ந்த அன்று இறக்கிய ஷட்டர், இறக்கியபடியே கிடந்தது. அதை விட்டால் மதினிக்கு வேறு பிழைப்பு கிடையாது. கட்டட ஓனரோ வேறு ஆளுக்கு விடப்போவதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்த ஆசை என்னவென்று எனக்குத் தெரியும். வியட்நாமில் முட்டையை அடித்துக் காபிமேல் ஊற்றுகிறார்கள் என்று நான்தான் அவனுக்கு ஒரு வீடியோ காட்டினேன்.

"முட்டக் கலக்கியக் கொண்டுபோயி காபி மேல ஊத்துறாய்ங்களா!" என்று வாயைப் பிளந்தான். "இத நம்மூர்ல போட்டா கூட்டம் அள்ளும் குட்டி. ஒருக்கா போய்க் குடிச்சுப் பாத்துட்டு வந்துறணும்." ஏதோ வாடிப்பட்டிக்குப் போய்வருவது மாதிரி சொன்னான். சும்மா பேச்சில்லை, பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டான்.

நான் சும்மாவே ஊர் சுற்றக் காரணம் தேடுகிறவள். லீவு சொல்லிவிட்டு ஹனோய்க்குக் கிளம்பினேன். மதினி, அண்ணன் குடிக்கும் கிளாஸைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

"இதுல ஊத்திக் குடி. அவரு குடிச்ச மாதிரி இருக்கும்."

ஹனோயின் பழைய பகுதியில், இரண்டு கடைகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற ஒரு சந்து. நம்ம விளக்குத்தூண் சந்துகள் தோற்றுவிடும். கோடியில் செங்குத்தான படி. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. பாதி ஏறும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வழிவிடச் சுவரோரமாக ஒதுங்கினேன். யாரும் வரவில்லை. ஏறினேன். சத்தமும் ஏறியது.

மாடியில் முழங்கால் உயர ஸ்டூல்கள். சுவரில் யாரோ ஒரு பெரியவரின் படம், முன்னால் ஊதுபத்தி. கடைக்கார அம்மாளிடம் ஒரு விரலைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனவர், இரண்டு காபியோடு வந்தார். சூடு ஆறாமலிருக்க இரண்டையும் வெந்நீர்க் கிண்ணத்தில் உட்காரவைத்திருந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். இன்னொன்றை எதிரே காலியாக இருந்த ஸ்டூலுக்கு நேராக வைத்து, கரண்டியின் பிடியை அந்தப் பக்கம் திருப்பினார்.

நான் மறுபடியும் ஒரு விரலைக் காட்டினேன். மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து என் ஃபோனை நீட்டினேன். அவர் அதில் ஏதோ பேசினார். ஃபோன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கும் குரலில் சொன்னது: "உங்கள் பின்னால் படியேறியவருக்கு."

அண்ணனின் கிளாஸ் அப்போது என் பைக்குள் துண்டில் சுற்றியபடி கிடந்தது. அதை எடுக்கவே கை வரவில்லை.

ஆனாலும் குடித்தேன். குடிக்காமல் வருவேனா? மேலே மஞ்சள் நுரை, கரண்டியில் அள்ளினால் வழியாமல் நிற்கிறது. முட்டைக் கவிச்சி துளிகூட இல்லை. பால்கோவா பஞ்சாகிப்போன மாதிரி நாக்கில் கரைய, அதற்கடியிலிருந்து கசப்பாக, கருப்பாகக் காபி வந்து முட்டுகிறது. அம்புட்டு ருசி! பயமும் தித்திப்பும் ஒரே வாயில் இறங்கியது அன்றைக்குத்தான். எதிர்க் கோப்பையை மட்டும் பார்க்காமலே குடித்து முடித்தேன்.

எழும்போது பார்த்தேன். அதன் நுரை ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, கருப்புத் தெரிந்தது. அந்த ஸ்டூலின் பக்கம்.

ஊர் திரும்பி மதினியிடம் ருசியைச் சொன்னேன், செய்முறையைச் சொன்னேன். இரண்டாவது கோப்பையையோ ஃபோன் பேசியதையோ சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதப் படையலுக்கு நானே மஞ்சள்கருவும் டின் பாலும் சேர்த்து அடித்தேன்.

"பச்ச முட்டையாடி? கவிச்சி அடிக்காது?"

"நல்லா அடிச்சா அடிக்காது மதினி."

"அப்ப வெள்ளக்கருவ என்ன செய்ய?"

"எனக்கு ஆம்லேட் போடுங்க."

"படைக்கிறதுக்கு முன்னாடி ஒனக்கு ஆம்லேட்டா? வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும்!" அண்ணன் போனபிறகு மதினி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணனின் கிளாஸிலேயே டிகாஷன் ஊற்றி, மேலே நுரையை வைத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தோம். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போக, படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். நின்றோம். தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை.

உள்ளே கிளாஸில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. டீக்கடையில் சீனி கலக்கிவிட்டுத் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

நான் கிளாஸுக்குக் கரண்டி வைக்கவில்லை.

மதினி கதவைத் திறந்தாள். நுரை ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

"இது தானா அமுங்குமா?"

"ஆறுனா அமுங்கும் மதினி" என்றேன். "ஆனா ஒருபக்கமா..."

மாடிக்குச் சோறு கொண்டுபோனேன். கம்பியில் காக்காக்கள் அப்படியே இருந்தன, இறங்கவில்லை. கீழே வந்து பார்த்தால், மதினி ஆணியிலிருந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா எடுக்கல மதினி."

"அது எதுக்கு இனிமே?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலை ஷட்டர் ஏறியது. பாய்லர் கொதித்தது. பஸ்ஸிலிருந்து தோள்பையோடு இறங்கிய ஒருவர் போர்டைப் படித்துவிட்டு, "என்னக்கா அது முட்டைக் காபி? ஒண்ணு குடுங்க, பாப்போம்" என்றார். தனியாகத்தான் வந்திருந்தார்.

மதினி இரண்டு கிளாஸ் வைத்தாள்.

"ஒண்ணுதானக்கா கேட்டேன்?"

"இது ஒங்க பின்னாடி வந்தவுகளுக்கு" என்றாள் மதினி, கண்ணில் துளி சிரிப்பு இல்லாமல்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சில், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.