ட்ரங்க் கால் சந்தேகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கப்பலூரில் போல்ட், நட் செய்யும் ஒரு கம்பெனியில் தலைமை குமாஸ்தாவாக இருந்தேன். ஜூன் கடைசியில் லண்டனில் புல்தரை டென்னிஸ் தொடங்கினால் எங்கள் ஆபீசில் பந்தயம் தொடங்கிவிடும். அங்கே தாமதமாக முடியும் ஆட்டங்களின் முடிவு மறுநாள் மதுரைப் பேப்பரில் இருக்காது. அதற்கடுத்த நாள்தான் வரும். இடையில் உள்ள அந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் கட்டுவோம். ராத்திரி ரேடியோ கேட்கக்கூடாது என்பது பேச்சு. தோற்றவர்தான் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும்.

நான் எப்போதும் வயதான ஆட்டக்காரர் பக்கம்தான். எனக்கு அப்போது நாற்பத்தாறு. பந்து தாழ்ந்து வரும் புல்தரையில் பழகின கைதான் செல்லும், நெருக்கடியில் சின்னப்பையன்களுக்குக் கை உதறும் என்பது என் கணக்கு. பல வருஷங்கள் அது பலித்தது.

அந்த வருஷம் டெலிபோன் போர்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பேரையூரிலிருந்து பஸ் மாறி வருவாள். இரண்டாம் நாளே, நானும் சேந்துக்கிறேன் என்றாள். சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டோம். நான்கு முறை என்னோடு மோதினாள். நான்கு முறையும் இளையவர் பக்கம் நின்று ஜெயித்தாள்.

முதல் இரண்டை அதிர்ஷ்டம் என்று விட்டேன். மூன்றாவதில் என் பார்வை போர்டு பக்கம் போனது. மெட்ராஸ் ஹெட் ஆபீசிலிருந்து தினமும் காலையில் ட்ரங்க் கால் வரும். மெட்ராஸ் பதிப்பில் கடைசி நேர முடிவெல்லாம் அச்சாகியிருக்கும். அங்கே உள்ள ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதுமே. பேரையூர்ப் பெண்ணுக்கு டென்னிஸ் வேறு எப்படித் தெரியும்? அவள் ஹெட்போனில் தலையாட்டினால்கூட எனக்கு உறுத்தியது. நான்காவது தோல்விக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை, மேனேஜரிடம் போய் ட்ரங்க் லைனில் சொந்தப் பேச்சு நடப்பதாகச் சொன்னேன். பந்தயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மெட்ராஸுக்கும் போன் செய்து கேட்டார். அங்கே போர்டில் இருந்த வயதான ஆபரேட்டர், அந்தப் பொண்ணு லைன் கொடுக்கிறதைத் தவிர ஒரு பேச்சுப் பேசினதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

யார் சொன்னது, எதற்காக என்று புரிந்துகொண்டு வெளியே வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"என்கிட்டயே கேட்ருக்கலாம்ல சார்" என்றாள்.

நான் ஃபைலைப் புரட்டினேன். அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். பேப்பரில் வந்த ஸ்கோர்களை வெட்டி ஒட்டி, பக்கத்தில் யார் எந்த நாளில் எத்தனை செட் ஆடினார் என்று எழுதியிருந்தாள். நான் விரலால் மையைத் தடவிப் பார்த்தேன், நேற்று ராத்திரி எழுதியதோ என்று. அதை அவளும் பார்த்தாள்.

"நான் வயசப் பாக்கல சார். கால்ல இன்னும் எம்புட்டுத் தெம்பு மிச்சம்னுதான் பாத்தேன். அந்த நாலு பெரியவங்களும் முந்தின ஆட்டத்துல அஞ்சு செட் நின்னு ஆடினவுக."

அரையிறுதி இரண்டும் அங்கே நேரத்தோடு முடிந்து, இறுதி ஆட்டம் யார் யாருக்கு இடையில் என்று அன்றைய பேப்பரிலேயே வந்திருந்தது. மறுநாள் ஆட்டம். மெட்ராஸுக்கும் தெரியாத முடிவு. இப்போதே சொல் என்றேன்.

"இந்தத் தடவ பெரியவருதான். சின்னவரு ரெண்டு ஆட்டம் அஞ்சு செட்டு இழுத்து வந்திருக்காரு."

இத்தனை நாள் இளையவர் பக்கம் நின்றவள் என் ஆளை எடுக்கிறாளே, இதில் என்ன சூது என்று யோசித்தேன். என்னைப் பழையபடி தோற்கடிக்க வலை விரிக்கிறாள் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக இளையவர் மேல் கட்டினேன்.

பெரியவர் மூன்றே செட்டில் முடித்துவிட்டார். திங்கட்கிழமை எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கினேன். அவள் பங்கை போர்டு பக்கத்தில் வைத்தேன். சாயந்திரம் வரை அப்படியே இருந்தது.

மறுவருஷமும் ஆபீசில் பந்தயம் நடந்தது, அவள் சேரவில்லை. அது முடிந்த கையோடு திருமங்கலத்தில் ஒரு பாங்கில் வேலை கிடைத்துப் போனாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும், "போய்ட்டு வாரேன் சார்" என்றாள். அந்தக் குரலில் ஏதாவது குத்தல் இருந்ததா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.