டீச்சரின் நாக்கு

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்துக் கூடத்தில் காபி உண்டு. பிரேசர் டவுனை விட்டு நகரின் மறுகோடியில் ஹெப்பகோடி வரைக்கும் குடிபோனவர்கள்கூட இந்தப் பூசைக்கு வந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேர் காபிக்காகத்தான் வருகிறார்கள் என்று பங்குச் சாமியாரே கேலி செய்வார்.

அந்தக் காபியைப் பல வருடங்கள் போட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். காபிக்கு நிற்கிறவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். வரிசையின் நடுவில் புகுந்தால், "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிட்டு வாங்கிக்கோ" என்பார். தலை நரைத்த வங்கி அதிகாரிகள் அசடு வழியப் பின்னால் போய் நிற்பார்கள். வாரம் முழுவதும் பேச ஆளில்லாத டீச்சருக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஊரே பேச்சுக்குக் கிடைத்தது.

கொரோனா அவரையும் பிடித்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வாசனையும் ருசியும் போயின. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் தமக்கு ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எங்களுக்காகத்தான் என்று தெரியும். பல மாதங்கள் கழித்து ஒருநாள் காபிப்பொடிக் கடையில் வறுபடும் கொட்டையின் வாசனை லேசாக மூக்கில் ஏறியதாம். கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்று கன்னடத்தில் கேட்கும்படி அங்கேயே நின்று அழுதிருக்கிறார். கூடம் மறுபடி திறந்த முதல் ஞாயிறு, ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தம்ளரைக் கையில் கொடுத்தார்.

அதே சமயத்தில்தான் இயந்திரமும் வந்து சேர்ந்தது. மூடிவிட்ட ஓர் அலுவலகத்திலிருந்து பங்கைச் சேர்ந்த ஒருவர் கொடுத்தது. மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்குள் சூடேற்றும் கம்பிச்சுருள். சூடான தண்ணீர் ஓட்டைகள் நிறைந்த ஒரு தட்டு வழியாகப் பொடியின் மேல் மழைபோலத் தூவும், டிகாக்ஷன் கீழே இறங்கும். முகப்பில் சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள். கம்பெனி மெக்கானிக்கை மாதாமாதம் வரச்சொல்லலாமா என்று சாமியார் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நாற்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் வெப்பமானிகளையும் அழுத்தமானிகளையும் பராமரித்தவன். இதற்கெல்லாம் ஆள் கூப்பிடுவது எனக்கு இழுக்காகப் பட்டது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் பார்த்தேன். அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் நின்று, கூடத்துக்கு லாரியில் போர்வெல் தண்ணீர் வர ஆரம்பித்தது. சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீர். வீட்டில் வாளியின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. அதே தண்ணீர்தான் இயந்திரத்துக்குள்ளும் போகிறது, மாதம் ஒருமுறையாவது திறந்து படிவை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலி என்று ஒரு மாதம் தள்ளினேன். அடுத்த மாதம் அந்தக் காரணம்கூட இல்லை. திறக்கவில்லை, அவ்வளவுதான்.

காபி கெட ஆரம்பித்தது. விசித்திரமான கெடுதல். நீர்த்தும் இருந்தது, கசக்கவும் செய்தது. முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் டீச்சர்தான். என்னை உள்ளே கூப்பிட்டு, "சார், ஒரு கருகல் வாசனை வருது. தண்ணி ரொம்பக் கொதிக்குதுன்னு நினைக்கிறேன், பாருங்களேன்" என்றார்.

நான் சிவப்பு எண்களைக் காட்டினேன். தொண்ணூற்றிரண்டு. காபிக்கு அதைவிடச் சரியான சூடு கிடையாது. இறக்கிய பொடித் தட்டை அவர் என்னிடம் நீட்டினார். நடுவில் சேறாகக் குழைந்திருந்த பொடி, ஓரத்தில் நனையவே இல்லை. தட்டில் பொடியைச் சமமாகப் பரப்பவில்லை போலிருக்கிறது என்றேன். பிறகு நான் சொன்னதைத்தான் இன்றுவரை விழுங்கமுடியவில்லை.

"டீச்சர், மீட்டர் பொய் சொல்லாது. உங்க நாக்குதான் இன்னும் முழுசா வரலையோ என்னமோ."

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் போலத்தான் சொன்னேன். பக்கத்தில் பாடகர் குழுவைச் சேர்ந்த ஒருவர் தம்ளரோடு நின்றிருந்தார். பேச்சு அங்கிருந்து பரவியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு, "என்ன டீச்சர், இன்னிக்கும் கஷாயமா?" என்று ஒருவர் கேட்டார். "பேஜார் பண்ணாதீங்கப்பா, பாவம், அவங்களுக்கு ருசி தெரியாது" என்று இன்னொருவர் பரிந்து பேசினார். கேலியை டீச்சர் தாங்கிக்கொண்டார். பரிவைத்தான் தாங்கமுடியவில்லை. அதற்குப் பிறகு யாரையும் அவர் வாய்ப்பாடு கேட்கவில்லை. டிகாக்ஷனை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி நீங்கள் பாருங்கள் என்பார். இதற்குள் இயந்திரம் இடையிடையே தானாக அணையத் தொடங்கியிருந்தது. சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க உள்ளே ஒரு சாதனம் உண்டு, அதுதான் அணைத்தது. தொழிற்சாலையில் அப்படி ஒன்று அணைந்தால் காரணம் தெரியாமல் யாரையும் மறுபடி ஓடவைக்கும் பித்தானைத் தொட விடமாட்டேன். இங்கே நானே பின்பக்கத்துப் பித்தானை அழுத்தி அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் டீச்சர் கூடத்துச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். வேறு யாரையாவது போடுங்கள் சாமி, எனக்கு வயதாகிறது என்றாராம்.

அந்த வாரமே பித்தானை அழுத்தியும் இயந்திரம் எழவில்லை. வேறு வழியின்றித் திறந்தேன். கம்பிச்சுருள் சுண்ணாம்புக்குள் புதைந்திருந்தது. சூட்டை அளக்கும் முனை கட்டுப்போட்ட விரல்போல வெள்ளை ஓட்டுக்குள் கிடந்தது. தண்ணீரின் சூடு அந்த ஓட்டைத் தாண்டி முனைக்குப் போகவில்லை. முகப்பு தொண்ணூற்றிரண்டு என்று காட்டிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்திருக்கிறது. தூவும் தட்டின் ஓரத்து ஓட்டைகளெல்லாம் அடைபட்டு, கொதிநீர் முழுவதும் நடுவில் மட்டுமே ஊற்றியிருக்கிறது. நடுப்பொடி வெந்து கசந்தது, ஓரப்பொடி காய்ந்து கிடந்தது. டீச்சர் சொன்ன இரண்டும் சரி. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாள் சொன்ன பாடமே, மீட்டர் காட்டுவது முனையின் சூட்டைத்தான், தண்ணீரின் சூட்டை அல்ல என்பதுதான்.

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, காய்ச்சி, வடித்து, மறுபடி ஊற்றி, இரண்டு நாள் சுத்தம் செய்தேன். அணைக்கும் சாதனத்தையும் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது முதல் தவறு என்றால், அந்த நேரம் பார்த்துச் சரிசெய்தது அதைவிடப் பெரிய தவறாகப் போயிற்று.

மாதர் சங்கத்து அம்மா ஒருவர் டீச்சருக்குப் பதிலாக வந்தார். அன்று காபி அருமையாக இருந்தது. கை மாறினதும் காபி மாறிவிட்டது என்றார்கள். அடுத்த பூசையின் அறிவிப்பில் சாமியார் அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று டீச்சர் வந்திருந்தார். வரிசையில் நின்று ஒரு தம்ளர் வாங்கி மெதுவாகக் குடித்து முடித்தார். எந்தக் கடைப் பொடி என்று அந்த அம்மாவிடம் விசாரித்தார். நீங்கள் வாங்கிவைத்ததில் மிச்சமிருந்ததுதான் என்று பதில் வந்தது. பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"மெஷினை ஏதாவது பண்ணீங்களா சார்?"

"இல்ல டீச்சர். சும்மா துடைச்சு வச்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "பொடி அதே. மெஷின் அதே. அப்போ மாறினது நான் ஒருத்திதான்."

கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டுச் சொல்வதுபோல இருந்தது. வழியும் சரி, கூட்டலும் சரி. நான் கொடுத்த எண்தான் பொய். அவர் தம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூடத்துக்கு வரவேயில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாகச் சொன்னேன். சாமியாருக்கு என்ன தெரியும்? சில செபங்களைச் சொல்லச் சொல்லி மன்னிப்பு வழங்கினார். அதைவைத்துப் பல மாதங்கள் ஓட்டினேன்.

அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு நானும் என் மனைவியும் கேக் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். காபி கொடுக்கவில்லை, கடையில் வாங்கிய குளிர்பானம் கொடுத்தார். காபி போடுவதையே விட்டுவிட்டாராம். குழம்பு வைத்தால் கீழ்வீட்டில் இருக்கும், எல்லோரும் பாபி என்று அழைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்கிறாராம். அவர் ஊருக்குப் போய்விட்டால் ரொட்டியும் பாலும்தான். "பால் கெட்டுப்போச்சான்னுகூட அவங்கதான் சொல்லணும்" என்று சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி வருத்தப்பட்டுக்கொண்டே வந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

புதுவருடம் பிறந்து, ஒரு பகல் வேளையில் தனியாகப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாரித் தண்ணீர், படிவு, முனை, நான் அழுத்திய பித்தான், அவர் கேட்டபோது சொன்ன பொய், எல்லாம். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அந்தக் கருகல் வாசனை? அது நிஜமா இருந்துச்சா?"

"இருந்துச்சு டீச்சர். நீங்க சொன்னது சரி."

"இத்தனை நாள் என் வாயை நானே நம்பல சார்" என்றார். என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"இங்க சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்க, காபி குடிக்கிற இடத்துல. நாலு பேர் கேட்கட்டும். அப்புறம் நான் வரேன்."

சரி என்றேன். அந்த ஞாயிறு ஒரு ஞானஸ்நானம், கூடம் நிறைய விருந்தாளிகள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்த ஞாயிறு கூட்டம் குறைவு, நாலு பேர்கூட இல்லையே என்று தள்ளினேன். அதற்கடுத்த வாரம் காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்து, பாபி மாடியேறிக் கதவைத் தட்டியிருக்கிறார். டீச்சர் தூக்கத்திலேயே போயிருந்தார்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து எல்லோரும் கூடத்துக்கு வந்தோம். எங்கள் வழக்கப்படி வந்தவர்களுக்குக் காபி. அப்போதுதான் வாயைத் திறந்தேன். டீச்சர் நாக்கில் எந்தக் கோளாறும் இல்லை, கெட்டது இயந்திரம், கெடவிட்டவன் நான் என்று உரக்கச் சொன்னேன். பாடகர் குழுக்காரர் என் தோளில் கைபோட்டார். அன்று நான் டீச்சரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர்தான்.

"விடுங்க சார். போனவங்களைப் பத்தி இப்படிப் பேசுறதுக்கும் ஒரு மனசு வேணும்."

இல்லை, இது நிஜம் என்றேன். படிவு எப்படிச் சேரும், முனை எப்படி ஏமாற்றும் என்று விளக்கினேன். அழுதுகொண்டே சொன்னதால் வார்த்தை சரியாக வரவில்லை. மாதர் சங்கத்து அம்மா நாற்காலி இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "பாவம், ரெண்டு பேரும் ரொம்ப நாள் பழக்கம். கடைசியில டீச்சருக்கு உப்பு உறைப்புகூடத் தெரியாதாம்" என்றார்.

உட்கார்ந்தபடியே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மரியாதைக்காகக் கேட்டார்கள். பிறகு தம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டு போனார்கள்.